இந்தச் சோப்பு என்ன செய்யும்?

உடம்புக்கும் மனதுக்கும் மாற்றுச் சிகிச்சை விற்கிற ஹோலிஸ்டிக் கண்காட்சிகளில் மேசை போட்டுச் சோப்பு விற்கிறவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடமாகிவிடும். வருகிறவர் கட்டியை எடுப்பார், மூக்கருகே கொண்டுபோவார், ஒரு நொடி கண்ணை மூடுவார், அப்புறம் கேட்பார்: “இது என்ன செய்யும்?” புதிதில் எனக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. சோப்பு என்ன செய்யும்? அழுக்கைப் போக்கும். ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. தூக்கம் வருமா, மனபாரம் குறையுமா, வீட்டில் இருக்கிற கெட்ட சக்தி போகுமா, கையில் நாலு காசு நிற்குமா? பக்கத்து மேசையில் கல் விற்கிறவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். அமெதிஸ்ட் தூக்கத்துக்கு, ரோஸ் குவார்ட்ஸ் காதலுக்கு, சிட்ரின் பணத்துக்கு. (சந்தையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி அமெதிஸ்டைச் சூடாக்கி நிறம் மாற்றியதுதான். தூக்கம் தரும் கல் அடுப்புக்குள் போய்ப் பணம் தரும் கல்லாக வெளியே வருகிறது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். “ஆமாம், நெருப்பு சக்தியை மாற்றும்” என்றார். இதற்கு மேல் என்ன பேச?)

நான் இருப்பது இங்கிலாந்தில், பிரிஸ்டல் பக்கம். ஊர் திருநெல்வேலி. வாரநாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், இரவில் சமையலறையில் சோப்பு காய்ச்சுகிறேன். காய்ச்சுகிறேன் என்று சொல்வது பழக்கதோஷம். கோல்ட் ப்ராசஸ் முறையில் அடுப்புக்கு வேலையே இல்லை, கெட்டி எண்ணெயை உருக்குவதற்கு மட்டும்தான். மேசையில் பாதி எனக்கு, பாதி அக்காவுக்கு. அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்தவர். பழைய பட்டுச்சேலைக் கரைகளை வெட்டிச் சுருக்குப்பை தைக்கிறார். நம் ஊரில் அதற்குள் வெற்றிலை பாக்கு இருக்கும். இங்கே குறி பார்க்கிற டாரட் சீட்டுக் கட்டு, 78 சீட்டும் கச்சிதமாக உட்காரும். என் சோப்பைவிட அவர் பை வேகமாகப் போகும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் பார்த்ததும் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: “உங்கள் பாட்டியின் செய்முறையா?” என் பாட்டி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தார், மற்ற நாளில் ஹமாம். எண்ணெயைச் சோப்பாக்குகிற காஸ்டிக் சோடாவைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார். நான் சோப்பு செய்யக் கற்றது இங்கே ஒரு மாலை நேர வகுப்பில், மிச்சம் யூடியூபில். இதைச் சொன்னதும் எதிரே இருக்கிறவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டுமே! ஒருமுறை ஒரு கண்காட்சி அமைப்பாளர் துண்டறிக்கையில் என்னைத் ‘தொன்மையான ஆயுர்வேத மரபின் வாரிசு’ என்று போட்டுவிட்டார். திருத்தச் சொன்னேன். “கூட்டம் வரும், விடுங்கள்” என்றார். திரும்பவும் கேட்டேன். அடுத்த துண்டறிக்கையில் என் பெயரே இல்லை.

இரண்டு கூட்டம்

ஹோலிஸ்டிக் கண்காட்சி, பேகன் சந்தை இரண்டிலும் மேசை போடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே கூத்தாகத் தெரியும். உள்ளே நின்று விற்றால் இரண்டும் வேறு என்று சீக்கிரம் விளங்கிவிடும். ஹோலிஸ்டிக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வலியோடு வருகிறார்கள். முதுகுவலி, தூக்கமின்மை, விவாகரத்து, சும்மா ஒரு சோர்வு. கை வைத்துச் சக்தி ஏற்றும் ரெய்கி, ஒளிவட்டப் புகைப்படம், ஆட்களைச் சுற்றிப் படுக்கவைத்துக் காங் மணி அடித்தல் என்று வரிசையாக மேசைகள் இருக்கும். யாராவது தன்னைச் சரிசெய்வார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். பேகன் சந்தை அப்படி இல்லை. அங்கே வருகிறவர்களுக்கு அது மதம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் பருவங்களையும் வணங்குகிறவர்கள், விக்கா என்ற நவீன சூனிய வழியில் இருப்பவர்கள், பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரால் தங்களை ட்ரூயிட் என்று சொல்லிக்கொள்பவர்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். வருடத்துக்கு எட்டு பண்டிகை. சந்தைகளும் ஏறக்குறைய அந்தப் பண்டிகைகளை ஒட்டியே வரும். அக்டோபர் கடைசியில் ‘சாவின்’ (Samhain என்று எழுதுவார்கள்) என்ற பண்டிகை, இறந்தவர்களை நினைக்கும் நாள். அதற்கு முந்தைய சந்தையில்தான் எங்களுக்கு நல்ல வியாபாரம். கரித்தூள் போட்ட கறுப்புச் சோப்பு அன்றைக்கு மிஞ்சாது.

பேகன் வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகள் எனக்குப் பிடிக்கும், சமயத்தில் வியர்க்கவும் வைக்கும். பாமாயில் இருக்கிறதா? தேன்மெழுகு எங்கே வாங்கினீர்கள்? ‘டிராகன் பிளட்’ வாசனை நிஜப் பிசினா, செயற்கை எண்ணெயா? (செயற்கைதான். அப்படியே சொல்லிவிடுவேன்.) பக்கத்தில் ஒருவர் வெள்ளை சேஜ் கட்டு விற்றுக்கொண்டிருந்தார், புகை போடுவதற்கு. கலிஃபோர்னியாவின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய மெக்சிகோவிலும் மட்டும் வளர்கிற செடி. அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. இப்போது திருட்டு அறுவடையில் அடிபடுகிறது. ஓர் இளம்பெண் நின்று அது எங்கே பறித்தது, யார் பறித்தது என்று குடைந்தெடுத்துவிட்டாள். கடைசியில் வேறொரு மேசைக்குப் போய், உள்ளூர் வேலி ஓரத்தில் வளர்ந்த மக்வர்ட் என்ற மூலிகைக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். சாமி விஷயத்தில் இவ்வளவு கறாரான வாடிக்கையாளரை நான் நம் ஊர்ச் சந்தனக் கடைகளில்கூடப் பார்த்ததில்லை.

கூட்டம் எதுவானாலும் மேசைக்குப் பின்னால் உள்ள பாடு ஒன்றுதான். ஆறடி மேசை, கதவருகே கிடைத்தால் குளிர், மூலையில் கிடைத்தால் ஆள் வராது. ஊதுபத்தி மேசைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அன்றைக்கு என் சோப்பு எல்லாமே பச்சௌலி வாசம்தான். திறந்தவெளிக் கூடாரம் என்றால் பாத் பாம் கொண்டுபோகவே மாட்டேன். சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் இரண்டுக்கு ஒன்று என்று கலந்து அழுத்தி வைத்த உருண்டை அது. குளியல் தொட்டியில் விழுந்ததும் பொங்குவதற்காகவே இருக்கிறது. இங்கிலாந்தின் ஆகஸ்ட் மழைக் காற்றுக்குத் தொட்டி எதற்கு? காகிதத்துக்குள்ளேயே மெல்லப் பொங்கி, மருவெல்லாம் முளைத்து உட்கார்ந்திருக்கும்.

சொல்லக் கூடாதவை

‘இது என்ன செய்யும்’ என்பதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது என் நேர்மை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டமும் அப்படித்தான். பிரிட்டனில் சோப்பும் குளியல் உப்பும் அழகுசாதனப் பொருள். வீட்டுச் சமையலறையில் செய்தாலும், பத்தே கட்டி விற்றாலும், தகுதியுள்ள ஒரு பாதுகாப்பு மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். விற்பதற்கு முன் அரசின் இணையதளத்தில் பொருளைப் பதிய வேண்டும். கடைசித் தொகுதியை விற்றபின் 10 வருடம் கோப்பைக் காப்பாற்றி வைக்க வேண்டும். லேபிளில் எடை, தொகுதி எண், முகவரி, பொருட்களின் பட்டியல், அதுவும் சர்வதேசப் பெயர்களில். தேங்காய் எண்ணெய் ‘சோடியம் கோகோயேட்’ ஆகிவிடும். லாவண்டர் எண்ணெயில் இயல்பாகவே இருக்கிற லினலூல் போன்றவை, கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் தனியாகப் பெயர் போட்டுக் காட்ட வேண்டும், சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால். திடீரென்று ஒருநாள் ஆசை வந்து குப்பைமேனிப் பொடியை அள்ளிப்போட முடியாது. மதிப்பீட்டுக்குள் இல்லாத எதுவும் சட்டிக்குள் போகக் கூடாது.

அப்புறம் வாக்குறுதிகள். ‘எக்ஸிமாவை (தோல் அழற்சியை) குணமாக்கும்’ என்று எழுதினால் அந்த நிமிடமே சோப்பு மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும், உரிமம் இல்லாத மருந்தாக. நுகர்வோர் சட்டத்தில் எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. 2008 விதிகளில் வந்தது, இப்போது 2024 சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் நோயைக் குணமாக்கும் என்று பொய் சொல்வது ஒன்று. சூதாட்டத்தில் ஜெயிக்க உதவும் என்று சொல்லி விற்பது இன்னொன்று! யாரோ எங்கோ லாட்டரிச் சோப்பு விற்றிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இந்த விதிகளுக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1735-இல் வந்த சூனியச் சட்டம், மந்திரசக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியது. 1951-இல் அதை நீக்கிவிட்டு மோசடி ஆவியுலகத் தொடர்பாளர்களுக்கு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகுதான் விக்காவைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் போன்றவர்கள் தங்களைச் சூனியக்காரர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. 2008-இல் அந்தச் சட்டமும் போய், குறி சொல்கிறவர், குளியல் உப்பு விற்கிறவர் எல்லோரும் ஒரே நுகர்வோர் விதிக்குள் வந்தோம். டாரட் மேசைகளில் ‘பொழுதுபோக்குக்காக மட்டும்’ என்று சின்ன அட்டை நிற்பதன் பின்னணி இதுதான்.

ஆனால் சட்டம் கறுப்புவெள்ளையாக இருப்பது உடம்பு விஷயத்தில்தான். ‘அன்பை அழைக்கும்’, ‘மூன்றாவது கண்ணைத் திறக்கும்’ என்றெல்லாம் எழுதினால் யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? அதனால் சந்தை முழுக்க அந்த மொழியில்தான் பேசுகிறது. ஏழு சக்கரத்துக்கு ஏழு நிறச் சோப்பு செய்து பெட்டியில் போட்டுக் கொடு, நீ செய்தால் தனி மவுசு என்று எனக்கு யோசனை சொல்லாதவர்கள் இல்லை. சக்கரங்களுக்கு வானவில் வரிசையில் நிறம் வந்தது இருபதாம் நூற்றாண்டில், மேற்கில். அதை இந்தியாக்காரி ஒருத்தி திரும்ப மேற்குக்கே ‘தொன்மை’ என்று விற்க வேண்டுமாம். பிள்ளையார் அச்சில் சோப்பு வார்க்கச் சொன்னவர்களும் உண்டு. அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அய்யய்யோ, பிள்ளையாரைத் தேய்ச்சுக் கரைப்பாங்களா?” என்றார். ஒரு நிமிடம் கழித்து அவரே, “சதுர்த்திக்கு நாமளும் கரைக்கத்தான செய்யுதோம்” என்றார். இருந்தாலும் நான் அந்த அச்சை வாங்கவில்லை.

வாசனை இல்லாத கட்டி

சாமர்செட்டில் ஒரு சின்ன ஊர், மண்டபத்துக்குள் ‘சாவின்’ பண்டிகைச் சந்தை. மதியத்துக்கு மேல் வயதான ஓர் அம்மா வந்தார். கறுப்பு அங்கி, கழுத்தில் கிலோக்கணக்கில் வெள்ளி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. மழைக்கோட்டு, கையில் மார்க்கெட் பை. மேசையின் அலங்காரங்களை எல்லாம் தாண்டி, ஓரத்தில் இருந்த வெள்ளைக் கட்டிகளைத் தொட்டார். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக நான் செய்து வைக்கிற சரக்கு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, மேலே பூ கிடையாது. பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

“இதில் என்ன இருக்கிறது?”

“ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர். அவ்வளவுதான்.”

“செய்யும்போது ஏதாவது மந்திரம், வேண்டுதல்?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் விலைபோகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா, ஆலிவ் எண்ணெய்க்கு 135 என்று கணக்குப் போட்டு, அதில் ஐந்து சதவீதம் குறைத்து, கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நிற்கிறவளுக்கு மந்திரம் எங்கே வரும்? “இல்லைங்க, தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன்.

“நல்லது. அப்படியென்றால் இது சும்மா இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.”

இருந்த வெள்ளைக் கட்டிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டார். காசு கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். புதுச் சோப்பில் குண்டூசியால் ஒரு குறி கீறுவாராம். எதைக் கழுவிவிட வேண்டுமோ அதற்கான குறி. தினமும் குளிக்கக் குளிக்க அது தேயும். தேய்ந்து மறையும்போது காரியம் முடிந்தது. “வேறு யாரோ ஒருவர் அன்பு, அமைதி என்று ஏற்றி வைத்த சோப்பை வாங்கினால் முதலில் அதை இறக்க வேண்டும். இரட்டை வேலை” என்றார், துணி துவைப்பதைப் பற்றிச் சொல்கிற குரலில்.

அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. அதுவரை என் மனதில் ஒரு கோடு இருந்தது: ஒரு பக்கம் அறிவியல், தராசு, லேபிள், நான், மறுபக்கம் நம்புகிறவர்கள், அவர்களிடம் கதை விற்கிறவர்கள். சூனியக்காரி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பெண்மணி வந்து, மதிப்பீட்டாளரைவிடக் கறாராக, பட்டியலில் இல்லாதது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்கிறார். நம்பிக்கை முழுக்க அவருடையது. அதில் எனக்குப் பங்கு தர அவர் தயாராக இல்லை. தன் கையில் வேலை இருக்கிறவருக்கு நான் நல்ல பொருள் கொடுத்தால் போதும். கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்தான் என்னிடம் ‘இது என்ன செய்யும்’ என்று கேட்கிறார்.

ஊரில் இரண்டு விதமும் உண்டுதான். அண்ணாச்சி கடையில் சூடம் வாங்கினால் அவர் நிறுத்துப் பொட்டலம் மடித்துக் கொடுப்பார். எந்தச் சாமிக்கு, எதற்கு என்று கேட்கமாட்டார். கோயில் வாசலில் எள் விளக்கு விற்கிற அம்மாவோ, “ஒம்பது விளக்கு போடு தாயி, சனி விலகிரும்” என்பார். சின்ன வயதில் எனக்கு அந்த அம்மாவைத்தான் பிடிக்கும். அண்ணாச்சி முகத்தில் ஈ ஆடாது.

இதை எல்லாம் நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தால் போதுமா, விற்க வேண்டாமா? அடுத்த ஹோலிஸ்டிக் கண்காட்சியில் வெள்ளைக் கட்டியை நடுவில் வைத்தேன். மண்ணாங்கட்டி மாதிரி கிடந்தது. அன்றைக்கு வந்த ஒரு பெண், இரவுப் பணி முடிந்து நேரே வந்தவர் போலிருந்தார், கண்ணுக்குக் கீழே கறுப்பு. லாவண்டர் கட்டியைப் பிடித்துக்கொண்டு, “தூக்கம் வருமா?” என்று கேட்டார். ‘வரும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கும் ஆறுதல், எனக்கும் வியாபாரம். “படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சுடுநீரில் குளித்துப் பாருங்கள், சிலருக்கு உதவும். எந்தச் சோப்பானாலும் சரி” என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய் ஓர் அமெதிஸ்ட் வாங்கினார். அந்தக் கல்லைத் தலையணைக்கு அடியில் வைத்து அவர் தூங்கியிருந்தால் யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அவரைப் போன்றவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. களைத்துப்போனவர்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் பிடிவாதத்தில் நம்பிக்கை கிடையாது. “இஞ்ச பாரும் பிள்ளை, சனத்துக்கு ஒரு கதை வேணும். நீர் சொல்லாட்டி பக்கத்து மேசைக்காரன் சொல்லுவான்” என்பார். அவர் ஒவ்வொரு சுருக்குப்பையிலும் ஒரு சின்ன அட்டை கட்டுகிறார்: இது இன்னாருடைய கலியாணச் சேலை, இந்த வருடம் எடுத்தது, இந்த ஊரிலிருந்து வந்தது. எல்லாம் நிஜம், அந்தச் சேலைகளைக் கொடுத்தவர்களை எனக்கும் தெரியும். வாங்குகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டுப் பையைத் தடவிப் பார்ப்பார்கள், விலை பேசாமல் எடுப்பார்கள். “நான் பொய் சொல்லேல்லையே” என்பார் அக்கா. உண்மைதான். ஆனால் அவர் கதை பொருளின் பின்னால் இருக்கிறது, என்னிடம் கேட்கப்படுவது பொருளின் முன்னால் நடக்கப்போவது. சேலை யாருடையது என்று சொல்லலாம். சோப்பு யாரை எப்படி மாற்றும் என்று நான் எங்கே போய்ச் சொல்வது?

இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டேன். மஞ்சள் சோப்புக்கு அட்டை எழுதினேன். காஸ்டிக் சோடா சேர்ந்ததும் மஞ்சள் சிவப்பாகும், காரம் அடங்க அடங்க நாலு வாரத்தில் பழுப்பும் மஞ்சளுமாக இறங்கும். எங்கள் வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுக்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான் என்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆரத்தி எதற்கு எடுப்பது என்று கேட்டால் வாயால் சொல்வேன், அட்டையில் போடமாட்டேன். பேகன் சந்தையில் அந்தச் சோப்பு நன்றாகப் போகிறது. நின்று முழு அட்டையையும் படிக்கிறார்கள், ஒருவர் வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துப் பார்த்துவிட்டு அடுத்த சந்தையில் வந்து சொன்னார். வெள்ளைக் கட்டியும் இப்போது மிஞ்சுவதில்லை. குண்டூசி அம்மா யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வந்து அதை மட்டும் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹோலிஸ்டிக் கண்காட்சிகளில் மட்டும் இழுபறி தீரவில்லை. ஓர் இடத்தில் விண்ணப்பத்திலேயே ‘உங்கள் பொருளின் பலன்கள்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டு அனுப்பினேன், நிரப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ‘அழுக்கு போகும், நுரை வரும்’ என்று எழுதினேன். அக்கா சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே நின்றுவிட்டது. மேசை ஒதுக்கினார்கள், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். கழிவறையில் சோப்பு தீர்ந்துபோயிருந்ததால், மாதிரிக்கு வைத்திருந்த வெள்ளைக் கட்டி ஒன்றை நானே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தவர்கள் மேசையில் நின்று விலை கேட்டார்கள்.